கை கால் தானாக அசைகிறதா? பெங்களூரில் நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்கும் வழி

விரல் சும்மா இருக்கும்போதே ஆடுகிறது. கண் இமை வாரக்கணக்கில் துடிக்கிறது. தோள் திடீரென்று வெட்டி இழுக்கிறது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு திரும்பி வர மறுக்கிறது. இப்படி ஏதாவது வந்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்வது, எங்கேயாவது ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. எடுப்பது. ரிப்போர்ட் நார்மல் என்று வரும். அடுத்த டாக்டர் வைட்டமின் ஊசி எழுதுவார். அதற்கடுத்தவர் டென்ஷன் என்பார். மாதங்கள் ஓடிவிடும்.

எசென்ஷியல் ட்ரெமர் என்னும் கை நடுக்கம், கண் சிமிட்டல், தோள் குலுக்கல் போன்ற டிக், உடம்பு முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவில் பெரும்பகுதி, நடை தளர்ந்து கை நடுங்கும் பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலை இவற்றில் எல்லாம் வழக்கமான எம்.ஆர்.ஐ. சரியாகவே இருக்கும். இந்த நோய்களுக்குப் பெயர் வைப்பது, அசைவைக் கண்ணால் பார்க்கிற டாக்டர்தான். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அவருடைய சந்தேகத்தைத் தீர்க்கத்தான். அதனால் நோயாளியும் வீட்டாரும் செய்யவேண்டிய வேலையில் முக்கால்வாசி, அந்த அசைவை அவர் கண்முன்னால் கொண்டுபோய் வைப்பது. ஓபி அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் அசைவு வராமலே போகலாம். அதற்கான தயாரிப்பைத்தான் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

உடனே போகவேண்டியவை

இவற்றில் ஏதாவது இருந்தால் ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

உடல் முழுதும் உதறும் வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டுவது, அல்லது இடையில் நினைவு திரும்பாமல் மறுபடி மறுபடி வருவது. அசைவோடு காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து வருவது. மனநல மருந்து எடுப்பவருக்குக் கடும் காய்ச்சல் வந்து உடம்பு கட்டைபோல் இறுகுவது. வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொள்வது. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுவது. தலையில் அடிபட்டபின் தொடங்கிய அசைவு. கர்ப்பிணிக்குப் புதிதாக வந்த எந்த உதறலும்.

ஒரு பக்கக் கை காலில் திடீரென்று அசைவோ பலவீனமோ வந்து பேச்சும் குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள், அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.

வாந்திக்கோ மனக்கலக்கத்துக்கோ ஊசி போட்ட சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாளில், கண் மேலே சொருகி, கழுத்து முறுக்கி, நாக்கு வெளியே தள்ளினால் அது பெரும்பாலும் மருந்தின் விளைவு. இளவயதினருக்கு அதிகம் வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சரியான மாற்று ஊசி போட்டால் வேகமாக அடங்கும். எந்த ஊசி போட்டார்கள் என்ற சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அசைவை எப்படிக் கவனிப்பது

ஒரு நோட்டில் எழுதுங்கள். இது வலிப்பு, இது நடுக்கம், இது நரம்புத் தளர்ச்சி என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். முதல் சீட்டில் வலிப்பு என்று ஏறிவிட்டால் அடுத்து வரும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே போவார்கள், வலிப்பு மாத்திரையும் தொடரும். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த இடம், எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு நேரம்.

முதலில் எப்போது வருகிறது என்று பாருங்கள். கையை மடியில் போட்டு உட்கார்ந்து டிவி பார்க்கும்போது ஆடி, டம்ளரை எடுக்கப் போனதும் குறைந்தால் பார்க்கின்சன் பக்கம் யோசிப்பார்கள். கையை நீட்டும்போதும் காபி டம்ளரைத் தூக்கும்போதும் ஆடி, மடியில் வைத்தால் அடங்கினால் எசென்ஷியல் ட்ரெமர், தைராய்டு, மருந்து என்று வேறு பட்டியல். விரல் இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் பெரிதானால் சிறுமூளைக் கோளாறா என்று பார்ப்பார்கள். இந்த மூன்றையும் வீட்டிலேயே பிரித்துக் கவனிக்கலாம்.

அடுத்தது தாளம். சீராக ஒரே வேகத்தில் ஆடுவது நடுக்கம். மின்சாரம் தொட்டதுபோல் ஒரே வெட்டாக வந்துபோவது மயோக்ளோனஸ். ஓரிடத்தில் நில்லாமல் விரலிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முகத்துக்கும் தாவி, பார்ப்பவருக்குத் துறுதுறுவென்று அலைவதுபோல் தெரிவது கொரியா. முறுக்கிக்கொண்டு அதே நிலையில் நிற்பது டிஸ்டோனியா. செய்யவேண்டும் என்று உள்ளே ஒரு உந்துதல் எழுந்து, செய்தபின் நிம்மதியாகி, கொஞ்ச நேரம் அடக்கவும் முடிவது டிக். தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தசை மட்டும் துடித்து மூட்டு நகராமல் இருப்பது வேறு வகை, அதைப் பின்னால் பார்ப்போம்.

தூக்கத்தில் நிற்கிறதா என்பது மிகப் பயனுள்ள தகவல். பெரும்பாலான அசைவுகள் ஆழ்ந்த தூக்கத்தில் அடங்கிவிடும். முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுக்கும் ஹெமிஃபேஷியல் ஸ்பாசம், சில மயோக்ளோனஸ், சில வலிப்புகள் தூக்கத்திலும் தொடரும். நோயாளிக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும்.

எது தூண்டுகிறது என்பதும் பல நேரம் நோயின் பெயரையே சொல்லிவிடும். பஸ் ஸீட்டிலிருந்து சட்டென்று எழும்போது சில விநாடி ஒரு கை கால் முறுக்கிக்கொண்டு, நினைவு தப்பாமல், தானாக விடுபடுவது பாராக்சிஸ்மல் கைனெசிஜெனிக் டிஸ்கினீசியா. பல வருடம் மனநோய் என்று முத்திரை குத்தப்பட்டு அலைபவர்கள் இதில் உண்டு. கார்பமசெபைன் என்னும் வலிப்பு மாத்திரையைக் குறைந்த அளவு கொடுத்தாலே பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிடும். காலையில் எழுந்ததும் பல் துலக்கும் பிரஷ் கையிலிருந்து எகிறி விழுகிறது, தூக்கம் கெட்ட மறுநாள் அதிகம் என்று ஒரு கல்லூரி வயதுப் பிள்ளை சொன்னால் ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்னும் வலிப்பு நோயை நினைக்க வேண்டும். அதே கார்பமசெபைன் இங்கே வெட்டுகளை அதிகமாக்கும். ஒருவருக்குப் பலித்த மாத்திரையை இன்னொருவர் வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

எழுதும்போது மட்டும் விரல் இறுகுகிறது, ஸ்பூன் பிடித்தால் ஒன்றுமில்லை என்றால் அது ரைட்டர்ஸ் கிராம்ப். பீன்யா, பொம்மனஹள்ளி பக்கம் கார்மென்ட்ஸில் துணி தைப்பவர்களுக்கும், மிருதங்கம், வீணை வாசிப்பவர்களுக்கும் இதே மாதிரி அந்த ஒரு வேலையில் மட்டும் கை மக்கர் செய்யும் டிஸ்டோனியா வரலாம். என்ன வேலை, நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கை என்று எழுதுங்கள். முடிந்தால் அந்த வேலையைச் செய்யும்போதே வீடியோ எடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது நடுக்கமோ, தடுமாற்ற நடையோ, இளவயதில் மனம் பிறழ்ந்ததோ உண்டா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். தாத்தா குடிகாரர், அதனால் கை ஆடியது என்ற கதைக்குள் உண்மையான நோய் ஒளிந்திருக்கலாம். பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாமன் மகள், அக்காள் மகள் முறை நம்மிடம் சகஜம். வில்சன் நோய்போல் இரு பக்க மரபணுவும் சேர்ந்தால்தான் வரும் நோய்களை யோசிக்க இந்த ஒரு வரி டாக்டருக்கு உதவும்.

வீடியோ எடுக்கும் முறை

போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். ஜன்னல் நோயாளிக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் உருவம் கறுத்துவிடும். முழங்கையும் முழங்காலும் தெரிகிற உடை நல்லது. புடவை கட்டியிருந்தால் கணுக்காலாவது தெரியட்டும். செருப்பைக் கழற்றிவிடுங்கள்.

எப்போதும் இருக்கிற அசைவுக்கு மூன்று நிமிட வீடியோ போதும். நாற்காலியில் உட்கார்ந்து இரு கையையும் மடியில் தளர்வாக வைத்து அரை நிமிடம். அப்படியே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள். மனம் கணக்கில் போகும்போது மறைந்திருக்கும் ஓய்வு நடுக்கம் வெளியே வரும். பிறகு இரு கையையும் முன்னால் நீட்டி அரை நிமிடம். எதிரே நீட்டிய உங்கள் விரலையும் தன் மூக்கையும் மாறிமாறி ஐந்து முறை தொடட்டும், கைக்குக் கை. டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றட்டும். ஒரு முழு வாக்கியம் பேசட்டும், ‘ஆ’ என்று மூச்சு முடியும்வரை இழுக்கட்டும். கடைசியாகப் பத்தடி நடந்து திரும்பி வரட்டும், தலைமுதல் கால்வரை தெரியும்படி எடுங்கள்.

காகிதத்தில் கையை ஊன்றாமல் ஒரு சுருள் வரையச் சொல்லி, கீழே பெயரும் இரண்டு வரியும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கையாலும் சுருள் வேண்டும். தேதி போட்டு வையுங்கள். எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே போவதும், சுருளில் கோடு நெளிவதும் வெவ்வேறு செய்தி சொல்லும். ஆறு மாதம் கழித்து ஒப்பிடவும் அந்தத் தாள் உதவும்.

விட்டுவிட்டு வருகிற அசைவுக்கு வேறு முறை. ஆரம்பத்தைத் தவறவிட்டால்கூடப் பரவாயில்லை, முடியும்வரை எடுங்கள், முடிந்தபின் இரண்டு நிமிடமும் எடுங்கள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது பதிவாகட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘மாம்பழம், ஞாபகம் வச்சுக்கோ’ என்று சொல்லி, தெளிந்தபின் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். நினைவு இருந்ததா என்று டாக்டர் கேட்கும்போது இதைவிட நல்ல பதில் கிடையாது. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவியைக் கையில் கொடுப்பதால் பயனில்லை. உதறலில் நினைவு தப்பினால் படம் எடுப்பதை இன்னொருவரிடம் விட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

வாட்ஸப்பில் சுற்றிவந்த வீடியோவில் தரம் குறைந்து நுண்ணிய துடிப்பு காணாமல் போகும். மூலக் கோப்பை எடுத்த போனையே கொண்டுபோங்கள். நாற்பது வீடியோ வேண்டாம், நல்லதாக மூன்று எடுத்துத் தனி ஆல்பத்தில் போட்டு வையுங்கள். நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், குடும்பக் குழுவில் அனுப்பாதீர்கள்.

மாத்திரைப் பட்டியல்தான் பாதித் துப்பு

கடந்த ஒரு வருடத்தில் உள்ளே போன எல்லாவற்றையும் எழுதுங்கள். நிறுத்தியவற்றையும் எழுத வேண்டும், ஏனென்றால் டார்டிவ் டிஸ்கினீசியா எனப்படும் வாய், நாக்கு அசைவு, மருந்தை மாதக்கணக்கில் எடுத்தபின்னும் வரும், நிறுத்தியபின்னும் தலைகாட்டும். அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோவது எழுதுவதைவிட நல்லது.

அசைவைச் சீராக வைக்க மூளைக்குத் தேவையான டோபமினைத் தடுக்கிற மருந்துகள் மனநல மருந்துகள் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின் எல்லாம் இதில் சேரும். நம் ஊரில் தனியாகக் கவனிக்கவேண்டியது லெவோசல்பிரைடு. அசிடிட்டி கேப்ஸ்யூலோடு சேர்த்து வருவதால், கேஸ் மாத்திரை என்று நினைத்து வருடக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. வயதானவருக்கு நடை தளர்ந்து, கை நடுங்கி, முகம் உணர்ச்சியற்றுப் போனால் பார்க்கின்சன் என்று முடிவு கட்டுமுன் அந்த அட்டையின் பின்புறம் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். மருந்தால் வந்தது என்றால், மருந்து மாறியதும் சில வாரம் முதல் சில மாதத்தில் பலருக்கும் குறைந்துவிடும்.

நடுக்கம் மட்டும் தரக்கூடியவை வேறு: சால்பூட்டமால் இன்ஹேலர், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் வகைகள், சோடியம் வால்புரோயேட், லித்தியம், அளவு மீறிய தைராய்டு மாத்திரை, மன அழுத்தத்துக்கான பல மாத்திரைகள். லித்தியம் எடுப்பவருக்கு நடுக்கம் திடீரென்று கூடி வாந்தி, பேதி, தள்ளாட்டம் சேர்ந்தால் அன்றே ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும்.

நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். பூனைக்காலி விதையில் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. அதைச் சூரணமாகச் சாப்பிடுபவரின் பார்க்கின்சன் அறிகுறி மங்கித் தெரியும். சரியாகத் தயாரிக்காத பற்பம், செந்தூரத்தில் பாதரசம் உடம்பில் சேர்ந்தால் அதுவே நடுக்கம் தரும். மதுப் பழக்கம் உண்டா, நிறுத்தி எத்தனை நாள் என்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும். வீட்டார் முன்னால் சொல்லத் தயங்கினால் டாக்டரிடம் தனியாகச் சொல்லலாம்.

சந்தேகப்பட்ட மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் தொடர் வலிப்பு வரலாம். மனநல மாத்திரையை விட்டால் பழைய நோய் திரும்பும், சில சமயம் அசைவும் கூடும்.

எங்கே போவது

முதலில் பக்கத்திலுள்ள பொது மருத்துவரிடம் காட்டி அடிப்படை ரத்தப் பரிசோதனைகளை முடியுங்கள். அடுத்து நியூராலஜி டாக்டர், அதாவது நியூராலஜியில் டி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். நியூரோ சர்ஜன் வேறு, எலும்பு டாக்டர் வேறு. நியூராலஜி டாக்டருக்கே தெளிவாகாவிட்டால், மூவ்மென்ட் டிஸார்டர் எனப்படும் அசைவு நோய்களில் தனியாகப் பயிற்சி பெற்றவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

பெங்களூரில் இதற்கு நிமான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது என்பது பெரிய வசதி. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வருகிறவர்கள் சில்க் போர்டு, மடிவாளா, டெய்ரி சர்க்கிள் தாண்டினால் ஓசூர் சாலையிலேயே அது இருக்கிறது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னமும் அதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சொல்லித் தயங்குகிறார்கள். பழைய மனநல மருத்துவமனையும் மனநலக் கல்வி நிறுவனமும் 1974-ல் இணைந்து உருவானது அது. மனநலத்துக்குச் சமமாக நரம்பியலும் நரம்பு அறுவை சிகிச்சையும் அங்கே நடக்கின்றன. அங்கே போனதால் யாருக்கும் எந்த முத்திரையும் விழாது.

புது நோயாளி முதலில் பதிவு செய்து, ஸ்கிரீனிங்கில் பார்க்கப்பட்டு, அதன்பிறகே உரிய பிரிவுக்குப் போவார். காலையிலேயே வரிசை நீண்டுவிடும், முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் ஓபி இல்லை, அவசரப் பிரிவு மட்டும் எந்நேரமும் இயங்கும். ஆதார், பழைய சீட்டுகள், ஸ்கேன் ஃபிலிமோடு சிடி, மாத்திரைப் பை, சாப்பாடு, தண்ணீர், சார்ஜ் ஏற்றிய போன் இவை கையில் இருக்கட்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள ரேஷன் அட்டை இருந்தால் மூலத்தையே எடுத்துப்போய்க் கட்டணச் சலுகை பற்றி சோஷியல் வொர்க்கரிடம் கேளுங்கள். முதல் நாள் உங்களைப் பார்த்த யூனிட் எது, அதன் ஓபி எந்தக் கிழமை என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தமுறை தவறான நாளில் வந்து திரும்பாமல் இருக்கலாம்.

தமிழ் புரிந்துகொள்ளும் டாக்டர்களும் நர்ஸ்களும் பலர் உண்டு. ஆனாலும் இரண்டு மூன்று கன்னட வாக்கியம் கைவசம் இருந்தால் நல்லது. ‘கை தானாகே நடுகுத்தே’ என்றால் கை தானாக நடுங்குகிறது. ‘நித்தேயல்லி இரல்லா’ என்றால் தூக்கத்தில் இருப்பதில்லை. ‘வீடியோ இதே, நோடி’ என்று சொல்லிப் போனை நீட்டினால் மீதியை வீடியோ பேசிவிடும். உடன் வருபவர் அசைவை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியும் என்பதற்காகப் பார்க்காத ஒரு மருமகனை அனுப்பினால், டாக்டர் கேட்கும் கேள்விக்கு ஊகத்தில்தான் பதில் வரும்.

உள்ளே போனதும் சொல்லவேண்டியது நான்கே வரி: என்ன அசைவு, எப்போது தொடங்கியது, கூடுகிறதா குறைகிறதா, இதனால் எந்த வேலை செய்ய முடியவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டபின் நீட்டினால் போதும்.

ரத்தப் பரிசோதனையில் எங்கே தவறு நடக்கிறது

சர்க்கரை, சோடியம், கால்சியம், மக்னீசியம், கிட்னி, கல்லீரல், தைராய்டு, வைட்டமின் பி12 இவை தொடக்கம். வயதான சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்கக் கை கால் திடீரென்று அலையத் தொடங்கினால், சர்க்கரை மிகவும் ஏறியதே காரணமாக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் அடங்கும். தைராய்டு ஆபரேஷனுக்குப்பின் உதட்டைச் சுற்றி மதமதப்பும் விரல்கள் கூம்பி இழுப்பதும் வந்தால் கால்சியம் குறைந்திருக்கிறது என்று பொருள்.

பி12 அளவு பார்க்கும் முன்பே நரம்பு ஊசி என்று பி12 போட்டுவிட்டால் ரிப்போர்ட்டில் அளவு ஏகமாகக் காட்டும், குறைபாடு இருந்ததே தெரியாமல் போகும். முதலில் ரத்தம், பிறகு ஊசி. முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் தைராய்டு சோதனைக்கு இரண்டு நாள் முன் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு அதிகம் என்று பொய்யாகக் காட்டலாம்.

நாற்பது வயதுக்குள் நடுக்கம், டிஸ்டோனியா, பேச்சுக் குழறல், எச்சில் வடிதல் எது வந்தாலும் வில்சன் நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக் கூடாது. உடம்பில் தாமிரம் சேருகிற பரம்பரை நோய் இது. வாழ்நாள் முழுதும் மருந்தால் கட்டுப்படுத்தலாம், தவறவிட்டால் கல்லீரலும் மூளையும் கெடும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்னும் தாமிரம் சுமக்கும் புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண்ணின் கருவிழி விளிம்பில் பழுப்பு வளையம், இந்த மூன்றும் பார்க்கப்படும். வளையத்தை வெறும் டார்ச்சில் பார்த்து இல்லை என்று சொல்லிவிட முடியாது, கண் டாக்டர் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்க வேண்டும். கே.ஆர். மார்க்கெட் அருகிலுள்ள அரசு மின்டோ கண் மருத்துவமனையிலும் பார்த்துக்கொள்ளலாம்.

சிறுநீர் சேகரிப்பில்தான் அதிகம் சொதப்பல். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட்டு மணியைக் குறியுங்கள். அதன்பின் பகல், இரவு ஒவ்வொரு துளியும் லேப் கொடுத்த பிளாஸ்டிக் கேனில். மறுநாள் அதே மணிக்கு வரும் சிறுநீரையும் சேர்த்து முடியுங்கள். வீட்டுப் பாத்திரத்தில், குறிப்பாகச் செம்பு, பித்தளைச் சொம்பில் பிடித்து ஊற்றினால் தாமிரம் கலந்து முடிவே தலைகீழாகும். நடுவில் ஒரு முறை தவறினாலும் லேப்பில் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள்.

ஸ்கேன், ஈ.ஈ.ஜி., ஈ.எம்.ஜி.

எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டி வந்தால், என்ன சந்தேகத்துக்கு என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். அதைப் பொறுத்துத்தான் எடுக்கும் முறையே மாறும். ஹெமிஃபேஷியல் ஸ்பாசத்தில் முகநரம்பை உரசும் ரத்தக்குழாயைப் பார்க்க மிக நுண்ணிய தனி வரிசைப் படங்கள் வேண்டும். இருபது வயது ஒட்டிய பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, விரல் நீட்டினால் நடுங்கினால் ஹிராயாமா நோயாக இருக்கலாம். அதில் கழுத்தை நேராக வைத்து எடுத்த எம்.ஆர்.ஐ. பல நேரம் ஒன்றும் காட்டாது, கழுத்தை முன்னால் குனிந்தபடி எடுத்தால்தான் தண்டுவடம் அழுந்துவது தெரியும். வெறுமனே கழுத்து எம்.ஆர்.ஐ. என்று சொல்லி எடுத்துக் காசையும் நாளையும் வீணாக்கியவர்கள் ஏராளம்.

மூளை அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.க்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போங்கள். பட்டினி கிடக்கக் கூடாது, மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. தூக்கம் குறைத்து வரச் சொன்னால் அதைச் சரியாகச் செய்யுங்கள், வலிப்பு அலைகள் தூக்க மயக்கத்தில் அதிகம் வெளிவரும். அரைமணி ஈ.ஈ.ஜி. நார்மல் என்பதால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. அசைவு அடிக்கடி வருமானால் வீடியோ ஈ.ஈ.ஜி. கேளுங்கள். அசைவையும் மூளை அலையையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து சந்தேகத்தைத் தீர்ப்பது அதுதான்.

ஈ.எம்.ஜி.யில் சிறு ஊசியைத் தசையில் செருகிப் பார்ப்பார்கள். அன்று கை காலில் கிரீம், எண்ணெய் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரும் பேஸ்மேக்கர் வைத்தவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தோலுக்கடியில் தசை துடிப்பைப் பார்த்துவிட்டு, இணையத்தில் தேடி, தசையை இயக்கும் நரம்புகள் கெடுகிற மோட்டார் நியூரான் நோய் என்று பயந்து தூக்கத்தைத் தொலைப்பவர்கள் பலர். கண் இமை, கெண்டைக்கால் துடிப்பு ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். தூக்கக் குறைவு, அதிகக் காபி, கடும் உடற்பயிற்சி, பதற்றம் எல்லாம் அதைக் கூட்டும். பலவீனம் உண்டா என்பதுதான் கேள்வி. பாட்டில் மூடி திறக்க, சாவி திருப்ப, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? குதிகாலால் நடக்கவும், முன்னங்காலால் நடக்கவும் முடிகிறதா? பேச்சும் விழுங்குவதும் பழையபடி இருக்கிறதா? இவை சரி, டாக்டர் பரிசோதனையும் ஈ.எம்.ஜி.யும் சரி என்றால் தினமும் தசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஏதாவது ஒன்று குறைந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

மரபணுச் சோதனைக்கு அவசரப்படாதீர்கள். கொரியா தரும் பரம்பரை நோயான ஹன்டிங்டனுக்கான சோதனையில், மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொகுப்பின் எண்ணிக்கை 40-ம் அதற்கு மேலும் என்றால் நோய் உறுதி, 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் இருக்கலாம். அந்த எண் நோயாளியோடு நிற்காது, அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு என்று சொல்கிறது. ஜெனெடிக் கவுன்சலிங் என்னும் மரபணு ஆலோசனை முடித்தபின் ரத்தம் கொடுங்கள். அறிகுறி இல்லாத சிறு பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை செய்யவே கூடாது.

குழந்தைகள்

மூன்று மாதம் முதல் ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் தலை கவிழ்ந்து இரு கையும் விரிந்து, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வெட்டினால் வயிற்றுவலி என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்னும் வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தள்ளத் தள்ள மூளை வளர்ச்சி பாதிக்கும். வீடியோவோடு அன்றே அல்லது மறுநாளே ஈ.ஈ.ஜி. வசதியுள்ள இடத்துக்குப் போங்கள். நிமான்ஸ் பக்கத்திலேயே இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கிறது.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை வெளுத்து, மந்தமாகி, முடி செம்பட்டையாகி, நடுங்கினால் பி12 குறைபாடாக இருக்கலாம். தாயும் பெரும்பாலும் சைவ உணவுக்காரராகவும் பி12 குறைந்தவராகவும் இருப்பார். குறைபாடு உறுதியானால் இருவருக்கும் சிகிச்சை வேண்டும்.

பள்ளிப் பிள்ளைக்குப் பென்சில் நழுவுகிறது, எழுத்து கெடுகிறது, உட்கார முடியாமல் நெளிகிறது, காரணமின்றி அழுகிறது என்றால் திட்டுவதற்கு முன் யோசியுங்கள். தொண்டைப் புண் வந்து சில வாரம், சில மாதம் கழித்து வரும் சிடென்ஹாம் கொரியா இப்படித்தான் தொடங்கும். அசைவு அடங்கிவிடும், ஆனால் இதய வால்வு பாதித்திருக்கலாம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் கட்டாயம், பென்சிலின் ஊசி வருடக்கணக்கில் தவறாமல் தொடர வேண்டும்.

கண் சிமிட்டல், மூக்குறிஞ்சல், தோள் குலுக்கல் பெரும்பாலும் டிக். கண்ணில் குறையில்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் விடுங்கள், அதட்டினால் கூடும். காலையில் நன்றாக நடந்து மாலையில் கால் முறுக்கிக்கொள்கிற பிள்ளைக்கு லெவோடோபா சிறு அளவில் கொடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டோபா ரெஸ்பான்சிவ் டிஸ்டோனியா என்றால் மாற்றம் கண்கூடாகத் தெரியும். படிப்பில் வேகமாகப் பின்தங்கி, சீரான இடைவெளியில் உடம்பு வெட்டினால் அது மணல்வாரி அம்மையின் தாமத விளைவாக இருக்கலாம், சின்ன வயதில் அந்த அம்மை வந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

ஃபங்ஷனல் என்று சொன்னால்

சிலருக்கு ஃபங்ஷனல் மூவ்மென்ட் டிஸார்டர் என்று சொல்வார்கள். நடிப்பு என்று அதற்கு அர்த்தமில்லை, நோயாளி வேண்டுமென்று செய்வதுமில்லை. மூளையின் அமைப்பு சரியாக இருந்து, அசைவைக் கட்டுப்படுத்தும் செயல்பாடு பிசகுகிறது. இதை உறுதி செய்ய நேரடி அடையாளங்கள் உண்டு: மறு கையால் டாக்டர் தட்டும் தாளத்தைப் பின்பற்றச் சொன்னால் நடுக்கம் நிற்பது, அல்லது அந்தத் தாளத்துக்கே மாறிவிடுவது. அப்படி எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அதனால்தான் என்பது மட்டுமே பதிலானால் வேறொரு மூவ்மென்ட் டிஸார்டர் டாக்டரிடம் காட்டுவது நியாயம். அடையாளங்களைக் காட்டி விளக்கினால் நம்பி, அதற்கென்று பயிற்சியுள்ள பிசியோதெரபியை உடனே தொடங்குங்கள். தள்ளிப்போடப் போட அசைவு ஊறிவிடும்.

பெயர் கிடைக்காமலே முதல் சுற்று முடிவதும் உண்டு. அப்போது மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நோய்கள் இல்லை என்று முடிவாகிவிட்டது, எந்த மாற்றம் வந்தால் முன்னதாகவே வர வேண்டும், அடுத்த பரிசோதனை எப்போது. அதே வெளிச்சத்தில், அதே நாற்காலியில், அதே வரிசையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீடியோவும் சுருளும் எடுத்து வையுங்கள். ஃபைலை டாக்டருக்கு டாக்டர் புதிதாகத் தொடங்காமல் ஒன்றாகவே வைத்து, ஒவ்வொரு புது மாத்திரைக்கும் தொடங்கிய தேதி, அளவு, பலித்ததா இல்லையா, ஏன் நிறுத்தினோம் என்று முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.